எட்டு மணிக்கு விளக்கணையும் வீடு

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒரு தெருமுனையில் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்று இருக்கிறது. சில மாதங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், அங்கே நடந்த பட்டிமன்றத்துக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். அணிக்கு நான்கு பேர். தலைப்பு, 'வீட்டுப்பாடம் தேவையா, தேவையில்லையா?'

முதல் சுற்றில் எட்டுப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்துவந்ததை ஒப்பித்தார்கள். உச்சரிப்பு சுத்தம், கையசைவும் பாங்காக இருந்தது. ஆனால் எழுதிக் கொடுத்த பெரியவர்களின் குரல்தான் கேட்டது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், இத்தாலியில் ரொபர்ட்டோ நெவிலிஸ் என்னும் ஆசிரியர்தான் 1905-இல் வீட்டுப்பாடத்தைக் கண்டுபிடித்தார் என்று ஆரம்பித்தான். கைப்பேசியில் தேடினால் முதலில் வந்து நிற்பது இந்தக் கதைதான். அப்படி ஒரு ஆசிரியர் வாழ்ந்ததற்குச் சான்று எதுவும் கிடையாது. பிறகு அவனைத் தனியாக அழைத்துச் சொன்னேன். வாடிய முகத்தோடு, "அப்ப யாரு சார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாம் சுற்று மறுப்புரை. அதற்கு யாரும் எழுதித் தர முடியாது. 'தேவையில்லை' அணியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். முதல் சுற்றில் 'நடுவர் அவர்களே' என்று முழங்கியவள், இப்போது 'சார்' என்றுதான் ஆரம்பித்தாள்.

"சார், எங்க வூட்ல எட்டு மணிக்கெல்லாம் லைட்ட நிறுத்திடுவாங்க. அப்பா ராத்திரி ரெண்டரைக்கு எழுந்து கடலுக்குப் போவணும். ஒரே ரூம்தான் சார். நான் வெளிய வந்து வாசப்படில உக்காந்து எழுதுவேன். தெருவிளக்கு எரிஞ்சா முடிப்பேன். எரியலன்னா இல்ல."

கூடம் அமைதியாகிவிட்டது. 'எங்கே, உன் நோட்டைக் காட்டு' என்றேன். கணக்கு நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். திறந்ததும் தாள்களுக்கு நடுவிலிருந்து கொஞ்சம் கடல் மணல் உதிர்ந்தது. முதல் மூன்று கணக்குகளும் கோடு பிடித்தாற்போல நேராக இருந்தன. நாலாவதில் எழுத்து சாய ஆரம்பித்து, ஐந்தாவதில் கோட்டைத் தாண்டி ஏறி இறங்கி, ஆறாவது பாதியில் நின்றிருந்தது. கீழே சிவப்பு மையில், 'முழுமையாக முடிக்கவில்லை.' அதை எழுதிய ஆசிரியையும் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நாற்பது நோட்டுகளைத் திருத்துகிறவருக்கு நாற்பது வீடுகளின் விளக்கு எத்தனை மணிக்கு அணையும் என்று எப்படித் தெரியும்?

இந்தக் கடற்கரைக் குப்பங்களில் 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு கூடம், ஒரு அடுப்படி. அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்றைக்குத் திருமணம் ஆனவர்கள். குடும்பம் பெருகிவிட்டது, சுவர் நகரவில்லை. நாம் வீட்டுப்பாடம், வீட்டுப்பாடம் என்கிறோம். அந்தச் சொல்லில் பாடத்தைப் பற்றித்தான் இத்தனை காலமும் வாதாடியிருக்கிறோம். வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

அந்த மாணவிக்குப் பதில் சொல்ல எழுந்தவன் சிற்பி வீட்டுப் பிள்ளை. மாமல்லபுரத்தில் கல் செதுக்கி வாழும் குடும்பம். அவன் சொன்னான்: "எங்கம்மா அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சாங்க. நான் எழுதறப்ப பக்கத்துல உக்காந்துப்பாங்க. அவங்களுக்குப் புரியாது, ஆனா பாத்துக்கினு இருப்பாங்க. ஹோம்வொர்க் இல்லாத அன்னிக்கு ஸ்கூலப் பத்தி ஒண்ணுமே கேக்க மாட்டாங்க சார்."

எனக்கு இதற்கும் பதில் இல்லை. ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோன தாய் ஒருத்தி தன் பிள்ளையின் படிப்பைத் தொட்டுப் பார்க்கக் கிடைக்கிற ஒரே இடம் அந்த நோட்டுதான் என்றால், அதை எப்படிப் பிடுங்குவது?

அடுத்து எழுந்த பெண் ஒரே வாக்கியம்தான் சொன்னாள். "பசங்களுக்கு வீட்டுப்பாடம் மட்டும்தான், எங்களுக்கு வீட்டு வேலையும் வீட்டுப்பாடமும்." பெண்கள் பக்கமிருந்து எழுந்த கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. இன்னொருவன், கொரோனா காலத்திலிருந்து வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது, போன் அப்பாவிடம் இருக்கிறது, அப்பா கடலில் இருக்கிறார் என்றான்.

நீதிமன்றமும் அரசும் என்ன சொல்லியிருக்கின்றன என்று பார்ப்போம். 2018 மே 29 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது, புத்தகப்பையின் சுமையையும் குறைக்க வேண்டும் என்றார். அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் இருந்தது. 2020-இல் வந்த புத்தகப்பைக் கொள்கை நேரக் கணக்கையே போட்டுக் கொடுத்துவிட்டது. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் இல்லை. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு 1 மணி நேரம். அதற்கு மேல் நாளுக்கு 2 மணி நேரம்.

இதற்கெல்லாம் முன்னே வழி போட்டவர் சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த அவர், 1989-இல் அங்கே பேசக் கிடைத்த வாய்ப்பைப் பிள்ளைகளின் முதுகுச் சுமையைப் பற்றிப் பேசப் பயன்படுத்திக்கொண்டார். பெரிய பெரிய விவகாரங்கள் பேசும் அவையில், பை தூக்கித் தூக்கிக் கூனிப்போகும் குழந்தையைப் பற்றி ஒருவர் பேசினார். அந்தப் பேச்சு சும்மா போகவில்லை. 1992-இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்தது. 1993-இல் 'சுமையற்ற கற்றல்' என்ற அறிக்கை வந்தது. தொடக்க வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் வேண்டாம் என்று அன்றைக்கே எழுதிவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து அதையே ஒரு நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டிவந்தது.

சரி, அந்த நேரக் கணக்கை யார் எண்ணுகிறார்கள்? இங்கேதான் சிக்கல். நம் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து பாடத்துக்கு ஒரு ஆசிரியர். தமிழாசிரியர் அரை மணி நேர வேலைதான் கொடுக்கிறார். அது அவருக்கு ரொம்பக் குறைவாகத் தெரிகிறது. ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், ஆளுக்கு அரை மணி. ஐந்து பேரும் நியாயமானவர்கள்தான். பிள்ளையின் தலையில் இறங்குவது இரண்டரை மணி நேரம். ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரிவதில்லை. கரும்பலகையின் ஒரு மூலையில் கட்டம் போட்டு, வீட்டுப்பாடம் கொடுக்கிற ஒவ்வொரு ஆசிரியரும் அதற்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று எழுதிவிட்டுப் போனால் போதும். கடைசி பாடவேளைக்கு வருகிறவர் கூட்டிப் பார்ப்பார், எட்டாம் வகுப்பு வரை அறுபதைத் தாண்டியிருந்தால் தன்னுடையதை நாளைக்குத் தள்ளிப்போடுவார். இதற்கு அரசாணை வேண்டாம், ஒரு சாக்பீஸ் போதும். அந்தப் பள்ளித் தலைமையாசிரியையிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

கடற்கரையை விட்டு மேற்கே வந்தால் இதே கதை வேறு வேஷம் போடுகிறது. கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், கேளம்பாக்கம் பக்கமெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்புகள். அங்கே எட்டு மணிக்கு விளக்கு அணையாது. அப்போதுதான் அம்மா அலுவலகத்திலிருந்து வந்திருப்பார். என் பேத்தி ஒன்றாம் வகுப்பு படித்தபோது, நீதிமன்றம் சொல்லி வருடக்கணக்கான பிறகு, எரிமலை மாதிரி ஒன்று செய்துகொண்டு வரச் சொன்னது ஒரு தனியார் பள்ளி. பெயர் வேண்டாம். வீட்டுப்பாடம் என்று சொல்ல மாட்டார்கள், 'ஆக்டிவிட்டி' என்பார்கள். இரவு ஒன்பதரை மணிக்குச் செங்கல்பட்டில் கடை கடையாக ஏறி இறங்கித் தெர்மாகோலும் சார்ட்டும் வாங்கிவந்தேன். என் மகள் பதினொன்றரை வரை உட்கார்ந்து ஒட்டினாள். எரிமலைக்குச் சொந்தக்காரி சோபாவில் தூங்கிப்போயிருந்தாள். மறுநாள் அதற்கு மூன்று நட்சத்திரம் கிடைத்தது. குழந்தை வந்து, "அம்மா, உனக்கு த்ரீ ஸ்டார்" என்றாள். அவளுக்கு உண்மை தெரிந்திருந்தது. தன் வேலையை வேறொருவர் செய்து பாராட்டு தனக்கு வருவது எப்படி என்பதை ஆறு வயதில் ஒரு குழந்தை கற்றுக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

உலகமெங்கும் இந்த வழக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1901-இல் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1917-இல் அதை எடுத்தும்விட்டார்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர் பல ஆண்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2006-இல் ஒரு முடிவு சொன்னார். மேல்வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பு நன்றாகவே தெரிகிறது, தொடக்க வகுப்புகளில் அந்தத் தொடர்பு மிக மெலிவானது என்றார். போலந்தில் நடந்ததை அந்தப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொன்னேன். 2023-இல் தேர்தல் பிரசாரக் கூட்டமொன்றில் 14 வயது மாணவன் எழுந்து, பிள்ளைகளுக்கு ஓய்வே இல்லை என்று கட்சித் தலைவர் ஒருவரிடம் முறையிட்டான். அவர் பிரதமரானார். 2024 ஏப்ரலிலிருந்து அங்கே முதல் மூன்று வகுப்புகளுக்கு எழுத்து வேலை ஏறக்குறைய நின்றது. நான்கிலிருந்து எட்டு வரை விருப்பம் இருந்தால் செய்யலாம், மதிப்பெண் கிடையாது. "நாங்க பேசினா அப்படி மாறுமா சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். நீ பேசிக்கொண்டே இரு என்றேன்.

இப்போது அந்த எட்டாம் வகுப்புப் பையனின் கேள்வி. யார் கண்டுபிடித்தது? யாரும் கண்டுபிடிக்கவில்லை, நம்மூரில் அது முன்பே இருந்தது. 1822-இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னபோது, செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட பள்ளிக்கூடங்கள் இருந்ததாக ஆட்சியரின் அறிக்கை போயிற்று. நாட்டுப்புறத்தில் பல ஊர்களில் இருந்தது திண்ணைப் பள்ளிக்கூடம்தான். மணலில் எழுதி, ஓலையில் எழுதி, முறை போட்டுச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணிப் படித்த காலம். அந்தப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்பதை உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் தம் பிள்ளைப் பருவத்தை வைத்து எழுதியிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு உபாத்தியாயர் ஒரு பூவின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் வந்ததும் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வீட்டுப்பாடம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துத் தண்டனைகளை நான் மறக்கவில்லை, யாருக்கெல்லாம் அங்கே இடமில்லாமல் இருந்தது என்பதையும் மறக்கவில்லை. அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வழக்கம் என்னை விடவே இல்லை. ஒரு பூவின் பெயர். அதைத் தூக்கிக்கொண்டு போகப் பை வேண்டாம். எண்ணெய் தீர்ந்த விளக்கு அதைத் தடுக்காது. அம்மா செய்துதர முடியாது. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே எடை.

வீட்டுப்பாடத்துக்கு முதலில் ஒரு வீடு வேண்டும். மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்கள் பட்டாவும் சாதிச் சான்றிதழும் இல்லாமல் வெகுகாலம் இருந்தார்கள். 2021 தீபாவளி நாளில் முதலமைச்சர் நேரில் வந்து கொடுத்தபோது நாடே அதைப் பார்த்தது. பட்டாவை நாம் நிலத்தின் காகிதம் என்று நினைக்கிறோம். வீட்டுக்கு மின் இணைப்புக் கேட்டு எழுதிக்கொடுக்கவும் அந்தக் காகிதம்தான் உதவும். இணைப்பு வந்தால் விளக்கு, விளக்கு இருந்தால் நோட்டு. சாதிச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு மேல்படிப்பு ஏது? அந்தத் தெருக்களில் பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைக்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் 'அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவா' என்று சொல்வதற்கு முன்னால் ஓர் ஆசிரியர் ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

வீட்டில் இடமில்லையென்றால் ஊரில் இடம் தேடலாம் என்பதற்கும் நம் கையில் உதாரணம் இருக்கிறது. 2021 அக்டோபர் 27 அன்று, இதே கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வரும் மரக்காணம் பக்கத்தில், முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார்கள். கொரோனாவில் விட்டுப்போன படிப்பைப் பிடிப்பதற்காக வந்த திட்டம். அந்தந்தத் தெருவில் படித்த ஒருவர், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் இருபது பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கிடைத்தது. கோவில் மண்டபம், வீட்டு வாசல், சமுதாயக்கூடம், எங்கே வெளிச்சமும் இடமும் இருந்ததோ அங்கே. ஒரு குப்பத்தில் அப்படி ஒரு அக்கா நடத்திய வகுப்பை நான் பார்த்திருக்கிறேன். வலை உலர்த்தும் இடத்தில் பாய் விரித்து, பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து ஒரே ஒரு பல்பு. கிழிந்த வலையில் கண் எண்ணி வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே அப்படி ஓர் இடம் ஒவ்வொரு குப்பத்திலும் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை எரிகிற ஒரு விளக்கு, கேட்டால் சொல்லித்தர ஒரு அக்கா. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டுமென்றால், போடட்டும், அது தேவைதான். பயிற்சி இல்லாமல் கணக்கு வராது. ஆனால் அவள் அதை வாசற்படியில் கொசுவுக்கு நடுவே போடக் கூடாது.

அன்றைக்குத் தீர்ப்பு என்று ஒன்று சொல்ல வேண்டியிருந்ததல்லவா? இரண்டாம் வகுப்பு வரை வேண்டவே வேண்டாம், நீதிமன்றம் சொன்னது சரி என்றேன். கேள்வியையும் பதிலையும் பார்த்து ஐந்து முறை எழுதிவரச் சொல்வது எந்த வகுப்புக்கும் வேண்டாம், கை வலிப்பதைத் தவிர அதில் ஒன்றும் நடப்பதில்லை என்றேன். மற்றபடி, தன் வீட்டில் தானே செய்து முடிக்க முடிகிற வேலையாக இருந்தால் மட்டும் கொடுங்கள் என்றேன். பிறகு உ.வே.சா. எழுதிய அந்தப் பூப்பெயர்க் கதையைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு அணிகளும் கைதட்டின. அதோடு மறந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து அந்தக் கணக்கு ஆசிரியை எனக்குப் போன் செய்தார். வகுப்பாசிரியை என்கிற முறையில் அவர் திங்கட்கிழமை பிள்ளைகளிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தாராம். 'உங்கள் வீட்டில் காற்றுக்கு என்னென்ன பெயர் சொல்கிறார்கள்? கேட்டுவாருங்கள். எழுதிவர வேண்டாம்.' மறுநாள் வகுப்பில் பெரிய ரகளை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று பெயர்கள் வந்து விழுந்தன. கச்சான் எந்தத் திசையிலிருந்து வீசும் என்பதில் இரண்டு பையன்களுக்குள் வாக்குவாதம், இருவரும் 'எங்கப்பா சொன்னாரு' என்று நின்றிருக்கிறார்கள். சிற்பி வீட்டுப் பிள்ளைக்குக் காற்று தெரியவில்லை. அவன் அம்மாவிடம் கேட்டு உளியின் வகைகளைச் சொல்லியிருக்கிறான். ஆசிரியை அதையும் ஏற்றுக்கொண்டார்.

கணக்கு நோட்டைக் காட்டிய அந்த மாணவி ஏழு பெயர் சொன்னாளாம். வகுப்பிலேயே அதிகம் அவள்தான். எப்போது கேட்டாய் என்று ஆசிரியை விசாரித்திருக்கிறார். விளக்கை நிறுத்திய பிறகு, இருட்டில் படுத்துக்கொண்டே அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், ஏழாவது காற்றின் பெயரைச் சொல்லும்போது பாதித் தூக்கத்தில் இருந்தாராம். காலையில் கண் விழித்துப் பார்த்தபோது அப்பா கடலுக்குப் போயிருந்தார். மறந்துவிடக் கூடாதே என்று பள்ளி வரும் வரைக்கும் அந்த ஏழு பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்து வந்திருக்கிறாள்.